பதிஞ்சாச்சா என்று கேட்காதீர்கள்

முப்பத்தொரு வயதில் ஓய்வு பெறுகிறேன் என்றால் என் இடத்துக்கு வரும் நீங்கள் மூவரும் சிரிப்பீர்கள். ஆறு வருடம் ஹெட்செட்டுக்குள் இருந்த வலது காது களைத்துவிட்டது. இனி அதைத் தொலைபேசிக்குக் கொடுக்காதீர்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அடுத்த திங்களிலிருந்து பண்டாரவளை ஒபிசில், ஜன்னலோர மேசையில் மணி அடித்தால் நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

கையளிக்க வேண்டியதையெல்லாம் பட்டியல் போட்டு நீல ஃபைலில் வைத்திருக்கிறேன். எந்த மோடம் நம் கேபிளோடு ஒத்துப்போகும், எது போகாது. எந்தத் தெருப் பெட்டிக்குள் மழைத் தண்ணீர் இறங்கும். எந்த லைன்மேன் எந்தப் பக்கம் போவார். படித்தால் புரியும். ஒன்றை மட்டும் எந்தத் தலைப்பின் கீழ் போடுவது என்று தெரியவில்லை. அதனால் தனியாக எழுதுகிறேன்.

வாடிக்கையாளர் தன் சொந்த மோடத்தைக் கொண்டுவந்து "இதுல லைன் தாங்க" என்று கேட்பதைப் பற்றியது இது. நம் கம்பனி சிறியது. டிவி கேபிளில் தொடங்கி, அதே கம்பியில் வேகமான இணையமும் கொடுக்கிறது. மோடத்தை நாமே வாடகைக்குக் கொடுப்போம். வேண்டாம் என்பவர்கள் கடையில் வாங்கி வரலாம். வாங்கி வந்தால் நமக்கு மூன்று வேலை. அந்த மாதிரி நம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது. மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் பன்னிரண்டு எழுத்து இலக்கத்தை அவருடைய கணக்கில் ஏற்றுவது. நம் பழைய மோடத்தைத் திருப்பி எடுப்பது. இரண்டாவது வேலைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் பதிவு. வேலைகள் இந்த வரிசையில் நடக்க வேண்டும். ஒரு முறை மூன்றாவது, இரண்டாவதற்கு முன் நடந்தது. அப்படி நடக்கவிட்டவள் நான்தான்.

அதற்கு முன் ஒரு சின்னத் தவறையும் சொல்ல வேண்டும். அது பிறகு உதவியது.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். தையல் கடை வைத்திருந்த ஓர் அம்மா புதிய மோடம் ஒன்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு நான்கு முறை வந்தார். நான் பதிந்து அனுப்புவேன், லைன் வராது, திரும்பி வருவார். நான்காவது முறை, மோடம் பழுது, வேறு வாங்குங்கள் என்று சொல்லிவிட்டேன். அவரும் வாங்கினார். பிறகு ஒரு லைன்மேன் அந்த முதல் மோடத்தைக் கவிழ்த்துக் காட்டினார். லேபலில் இரண்டு இலக்கங்கள் இருந்தன. ஒன்று கேபிள் பக்கத்துக்கு, மற்றது தொலைபேசிப் பக்கத்துக்கு. கடைசி எழுத்து மட்டும் வேறு. நான் நான்கு முறையும் கீழே இருந்ததையே எழுதியிருந்தேன்.

"மோடம் நல்லாத்தான் இருக்கு. கண்ணுதான் பழுது" என்றார் அவர். அந்த அம்மாவிடம் போய் அதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

இனி சரோஜா அக்கா.

பெரகலைச் சந்தியிலிருந்து கீழே இறங்கும் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் கீழ்ப் பகுதியான கீழ் டிவிசனில் மூன்று லயங்கள், தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். பின்னால் மலை நிமிர்ந்து நிற்பதால் கைத்தொலைபேசிக்கு அங்கே சிக்னல் கிடையாது. கோயில் மேட்டுக்கு ஏறினால்தான் இரண்டு கோடு வரும். பெரிய ரோட்டில் நம் கேபிள் ஓடியதால் டிவிசன் வரை ஒரு கிளை இழுத்தோம். முதலாம் லயத்தின் இரண்டாம் காம்பிராவில், சரோஜா அக்காவின் வீட்டில், ஒரே ஒரு மோடம். அதைத்தான் சுற்றியிருந்த எல்லோரும் பாவித்தார்கள்.

மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு அந்தப் பக்கத்து லயங்களில் மழை இரைந்தால் யாரும் சும்மா இருப்பதில்லை. கீழ் டிவிசனில் மழையை அளக்கும் பொறுப்பு சரோஜா அக்காவுக்கு. வாசலுக்கு எதிரே கம்பத்தில் கட்டியிருக்கும் அளவுக் குழாயைப் பார்த்து, எவ்வளவு என்று வாட்ஸ்அப் குழுவில் போடுவார். கிராம சேவகரிடமிருந்து பதில் வரும். இருங்கள் என்றால் இருப்பார்கள். ஸ்கூலுக்குப் போங்கள் என்று வந்தால், அக்கா கோயில் மைக்கில் சொல்வார். எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேலே இருக்கும் ஸ்கூலுக்கு ஏறுவார்கள். அந்த ஒரு மோடத்தில் போய் வருவது இவ்வளவும்தான்.

முதல் முறை கோயில் மேட்டிலிருந்துதான் பேசினார். காற்று போனுக்குள் அடித்தது.

"மிஸ், எங்க மோடம் அஞ்சாம் காம்பிராவத் தாண்ட மாட்டேங்குது. கடைசி காம்பிரா ஆளுங்க நம்ம வாசல்ல வந்து நின்னுதான் மெசேஜ் பாக்குறாங்க. மழையில யாரு வந்து நிப்பா?"

"சுவர் தடிப்பாக்கா?"

"வெள்ளக்காரன் கட்டுன கல்லுச் சுவரு மிஸ். அவன் போயிட்டான். சுவரு விட மாட்டேங்குது."

கொஞ்சம் சக்தி கூடிய மோடம் இருந்தால் போகும் என்றேன். நம்மிடம் அப்படி ஒன்று கையிருப்பில் இல்லை. பண்டாரவளையில் பழைய கணினிச் சாமான் விற்கும், எல்லோரும் நானா என்று கூப்பிடுபவரின் கடைக்குப் போகச் சொல்லி, வாங்கக்கூடிய மாதிரிகளின் பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து மறுபடி மேட்டிலிருந்து அழைத்தார்.

"வாங்கிட்டேன் மிஸ். மூணு கொம்பு வச்சது. பாத்தாலே பயமா இருக்கு. இத அப்படியே மாட்டிறவா?"

"மாட்டக்கூடாதுக்கா. முதல்ல பதியணும். பதியாத மோடத்துக்கு லைன் வராது."

"பதியணுமா?"

"ஆமாக்கா. மோடத்தயும் எடுத்துக்கிட்டு ஒபிசுக்குப் போங்க. அங்க பதிஞ்சு குடுப்பாங்க."

எந்த ஒபிஸ் என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை. பண்டாரவளை, பதுளை இரண்டு இடத்திலும் நமக்கு ஒபிஸ் இருக்கிறது. எதற்காவது போவார் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த அழைப்பு காத்திருந்தது.

நான்கு நாள் கழித்து அவரே பேசினார். நான் கேட்டது ஒரே ஒரு சொல்.

"பதிஞ்சாச்சா?"

"பதிஞ்சாச்சு மிஸ். மூணு நாள் நடந்தேன். சீல் வச்சு லெட்டரும் குடுத்துட்டாங்க."

இந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். நம் ஒபிசில் சீலே கிடையாது. நாம் லெட்டர் கொடுப்பதுமில்லை. அந்த இரண்டு சொல்லும் என் காதில் விழுந்தன. காது அப்போது நன்றாகத்தான் இருந்தது. ஏழு பேர் வரிசையில் காத்திருப்பதாகத் திரை காட்டிக்கொண்டிருந்தது. பதுளைக்காரர்கள் புதிதாக ஏதாவது தொடங்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். கணக்கைத் திறந்து பார்க்க அரை நிமிடம் போதும். திறக்கவில்லை. என் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே டிக் போட்டேன். மறுநாள் காலையில் அந்தப் பக்கம் போகும் லைன்மேன் ரவியிடம், புதியதை மாட்டிவிட்டுப் பழைய மோடத்தைக் கழற்றி ஒபிசுக்கு அனுப்பச் சொன்னேன்.

ரவி மாட்டினார். விளக்கெல்லாம் பச்சை. பழையதைக் கழற்றி, பண்டாரவளைக்கு வந்த நம் கம்பனி வேனில் கொடுத்துவிட்டு, பெரகலையில் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் மேல் பிழையில்லை. பதியாத மோடத்தையும் நம் சிஸ்டம் வாசல் வரை உள்ளே விடும். 'தயவுசெய்து பதியுங்கள்' என்ற நம் பக்கத்தை மட்டும் காட்டும். விளக்குக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அது பச்சையாகவே எரியும்.

பதினொரு மணிக்கு மழை தொடங்கியது. பண்டாரவளையில் எதிர்க்கடை தெரியாத மழை. இரண்டேகாலுக்கு ஓர் அழைப்பு வந்தது.

"தங்கச்சி, நான் கிராம சேவகர் பேசுறேன். கீழ் டிவிசனுக்கு உங்க லைன் ஓடுதா?"

"ஓடுது சேர்" என்றேன். பார்க்காமலே சொன்னேன். ஒரே விஷயத்தில் இரண்டாவது முறை.

"அப்ப ஏன் சரோஜாவுக்குப் போட்ட மெசேஜ் ஒத்த டிக்லயே நிக்குது? லயத்த விட்டு ஸ்கூலுக்கு ஏறச் சொல்லி ரெண்டு மணிக்குப் போட்டேன். அந்த டிவிசன்ல ஒருத்தருக்கும் போகல. காலையிலருந்து அவங்க மழை அளவும் வரல."

"நீங்க நேர போக ஏலாதா சேர்?"

"நான் மேல் பக்கத்துல நிக்கிறேன். நடுவுல பாலத்துக்கு மேல தண்ணி போகுது. ஒரு ஆள சுத்துப் பாதையால நடக்கச் சொல்லிருக்கேன். அவன் போய்ச் சேர ஒரு மணித்தியாலம் ஆகும். அந்த மலைக்கு ஒரு மணித்தியாலம் குடுக்க எனக்கு மனசு இல்ல."

அவரை லைனில் நிறுத்திவிட்டுக் கணக்கைத் திறந்தேன். பதிவில் பழைய மோடத்தின் இலக்கம் இருந்தது. புதியது எங்கும் இல்லை. பின்னால் திரும்பினேன். அலுமாரியின் இரண்டாம் தட்டில், வயரைச் சுற்றிக் கட்டியபடி, அந்தப் பழைய மோடம் இருந்தது.

அந்த டிவிசனுக்கு இருந்த ஒரே வாயை நானே கழற்றி எடுத்து அலுமாரியில் வைத்திருக்கிறேன் என்று அப்போது புரிந்தது.

பயம் வந்தால் எனக்குக் கை தானாக எழுதும். அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. முதல் வரி: ரவி எங்கே. இரண்டாவது: தெரியாத மோடம். மூன்றாவது வரியில் வெறும் 3 மட்டும் இருக்கிறது.

முதலில் ரவி. பெரகலைச் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நின்றார். கீழே போய் எல்லோரையும் ஸ்கூலுக்கு ஏறச் சொல்லுங்கள் என்றேன். ஏன், எதற்கு என்று கேட்காமல் மோட்டார் சைக்கிளை எடுத்தார். பதினைந்து நிமிடத்தில் திரும்ப அழைத்தார்.

"மிஸ், வளைவுல மதகு தெரியல. தண்ணி முழங்காலுக்கு மேல."

"தாண்டாதீங்க."

"பைக்க வச்சிட்டு நடந்து பாக்கவா?"

"வேணாம் ரவி. தாண்டாதீங்க." என் குரல் அமைதியாக இருந்தது என்று அவர் பிறகு சொன்னார்.

ரவி போய்க்கொண்டிருந்த அந்தப் பதினைந்து நிமிடத்தில் இரண்டாவது வரியையும் பார்த்தேன். கம்பியைப் பார்ப்பதற்கு முன் ஒரு மனிதனை அனுப்புங்கள் என்று உங்களுக்குச் சொல்வேன். ஆனால் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். அன்றைக்கு அந்த மனிதனால் போக முடியவில்லை.

அந்தக் கிளையில், காலை ஒன்பது மணியிலிருந்து பெயரில்லாத மோடம் ஒன்று கதவைத் தட்டிக்கொண்டிருப்பதைத் திரை காட்டியது. இலக்கத்தின் கடைசி நான்கு எழுத்து 8C4A. அக்காவின் கணக்கில் ஏற்றப் போனேன். சிவப்புக் கட்டம் வந்தது: இந்த மோடம் வேறொரு வாடிக்கையாளரின் பெயரில் உள்ளது. அப்புத்தளையில் ஒரு கெஸ்ட் ஹவுஸ். ஒருவரின் மோடத்தை இன்னொருவருக்கு மாற்றுவதானால் முதல் சொந்தக்காரரின் கையெழுத்து வேண்டும். அது நம் விதி. திருட்டுச் சாமானுக்கு லைன் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது, நல்ல விதி. கடையில் பழைய மோடம் வாங்குபவரிடம், முன்பு வைத்திருந்தவர் அதைத் தன் கணக்கிலிருந்து விடுவித்துவிட்டாரா என்று முதலிலேயே கேட்கச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை.

பதுளையில் மனேஜரை அழைத்தேன். மணி போனது, எடுக்கவில்லை. நானாவை அழைத்தேன்.

"நானா, போன கிழம சரோஜா அக்காவுக்கு ஒரு மோடம் குடுத்தீங்களே."

"எந்த சரோஜா மகள்? என்ட கடைக்கு வாரவங்க எல்லாருமே சரோஜா மாதிரித்தான் பேரம் பேசுறாங்க."

"நானா, சிரிக்க நேரமில்ல."

அந்தப் பக்கம் உடனே அடங்கியது. கூரைத் தகரத்தில் மழை கொட்டுவது மட்டும் கேட்டது. "சொல்லுங்க" என்றார்.

"அடியில இருந்த நம்பர எழுதி வச்சீங்களா?"

"பில் புத்தகத்துல ஈக்கி. பொறுங்க." தாள் புரளும் சத்தம். "கடைசி நாலும்... எட்டு, சி, நாலு, பி."

திரையில் ஏ. அவர் வாயில் பி.

நீங்களும் ஒரு நாள் இந்த இடத்துக்கு வருவீர்கள். ஓர் எழுத்து இடிக்கும். வேறு யாருடைய மோடமோ என்று விட்டுவிடலாம். விதியும் அதைத்தான் சொல்லும். எனக்கு அந்த நேரத்தில் துணிப்பையோடு நான்கு முறை படியேறி வந்த அந்த அம்மா ஞாபகத்துக்கு வந்தார்.

"நானா, லேபல்ல எத்தன நம்பர் இருந்துச்சு?"

"ரெண்டு இருந்த. நான் கீழ உள்ளத்த எழுதின."

"மோடம் எங்கருந்து வந்துச்சு?"

"அப்புத்தளையில கெஸ்ட் ஹவுஸ் ஒண்டு மூடக்கொள்ள எடுத்த சாமான். அவங்க தந்த பில்லும் ஈக்கி. என்ன மகள், ஏதும் பிரச்சினையா?"

"பிறகு சொல்றேன் நானா. அந்த பில்ல கவனமா வைங்க."

மனேஜரை மறுபடி அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அப்போதுதான் ரவி மதகிலிருந்து பேசினார்.

விடுவிக்கும் பொத்தான் என் திரையில் இருக்கிறது. உங்கள் திரையிலும் இருக்கும். அழுத்தினால் காரணம் கேட்கும். நான் எழுதியது இது: 'மண்சரிவு எச்சரிக்கை. கையெழுத்து இல்லை. கடைக்காரரிடம் வாயால் கேட்டேன். பொறுப்பு நான்.' கீழே என் பெயர். பிறகு மோடத்தை அக்காவின் கணக்கில் ஏற்றி, இங்கிருந்தே அணைத்து எழுப்பினேன்.

அது திரும்ப எழுந்துவர நான்கு நிமிடம் ஆகும். அந்த நான்கு நிமிடத்தில் கரண்ட் போனால் எல்லாம் முடிந்தது. மேசையில் இருந்த இன்னொரு போனில் கிராம சேவகரின் மூச்சு கேட்டது.

"இன்னும் ஒத்த டிக்."

"பொறுங்க சேர்."

"ஒத்த டிக்."

திரையில் அந்த வரி சாம்பலாக இருந்து பச்சையானது. பச்சையை நம்பிப் பேசும் தைரியம் எனக்குப் போய்விட்டிருந்தது.

"ரெண்டாயிருச்சு தங்கச்சி."

"நீலமாச்சா சேர்?"

"இல்ல. சாம்பல்தான்."

மெசேஜ் போய்ச் சேர்ந்துவிட்டது, படிக்க ஆள் இல்லை. என் சொந்தப் போனை எடுத்து அக்காவை வாட்ஸ்அப்பில் அழைத்தேன். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்து ஓய்ந்தது. மூன்றாம் முறை தூக்கக் குரலில் ஓர் ஆண் எடுத்தார். அக்காவின் கணவர். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. இரவு முறை முடிந்து வந்து படுத்திருந்தார்.

"யாருங்க?"

"கேபிள் ஒபிசுலருந்து அண்ணே. அக்கா எங்க?"

"மழை அளக்க வெளிய போயிருக்கு. மோடத்துக்கு ஒண்ணும் இல்ல மிஸ், லைட்டெல்லாம் நல்லா பச்சையா எரியுது."

"அண்ணே, போன்ல மெசேஜ் வந்திருக்கும். கிராம சேவகர் போட்டது. இப்பவே படிங்க."

"காலையிலருந்து ஒண்ணும் வரலியே மிஸ். நாங்க அனுப்புனதும் சுத்திக்கிட்டே நின்னுச்சு. மழைக்கு லைன் மெதுவா இருக்கும்னு சரோஜா சொல்லிச்சு. எதும் அவசரம்னா அவங்க போடுவாங்கதானே, லைட்டு எரியுது, மெசேஜ் வரல, அப்ப ஒண்ணும் இல்லன்னு..."

"படிங்க அண்ணே."

அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "உடனடியாக... லயங்களில் உள்ள அனைவரும்..." அதற்கு மேல் படிக்கவில்லை. போன் கட்டிலில் விழுந்தது. வைக்கவில்லை, விழுந்தது. கதவு திறந்து மழைச் சத்தம் உள்ளே வந்தது. "சரோஜா" என்று ஒரு முறை கூப்பிட்டார். பிறகு வெறும் மழை. நான் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு வலது காதில் போனை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தூரத்தில், மேலேயிருந்து, மைக் இரைந்து அடங்கியது. அதற்குப் பின் அக்காவின் குரல்.

"அம்மாமாரே, ஐயாமாரே. மூணு லயத்து ஆளுங்களும் கெளம்புங்க. சாமான் எடுக்க வேணாம். புள்ளைகள எடுங்க."

ஐந்து மணியளவில் மூன்றாம் லயத்துக்குப் பின்னால் மண் இறங்கியது. வடிகானை மூடி, அடுப்படிச் சுவர்களில் சாய்ந்து நின்றது. வெள்ளைக்காரன் கட்டிய சுவர் விடவில்லை. யாருக்கும் ஒன்றுமில்லை, எல்லோரும் ஸ்கூலில் இருந்தார்கள். லயத்திலேயே இருந்திருந்தாலும் தப்பியிருப்பார்கள் என்று சிலர் பிறகு சொன்னார்கள். இருக்கலாம். அந்த 'இருக்கலாம்' எனக்கு இன்னும் பழகவில்லை.

என்னைத் துரத்துவது அண்ணன் சொன்ன அந்த வாக்கியம்தான். லைட்டு எரியுது, மெசேஜ் வரல, அப்ப ஒண்ணும் இல்ல. லைன் முழுதாகச் செத்திருந்தால் அக்கா காலையிலேயே கோயில் மேட்டுக்கு ஏறியிருப்பார். செத்த லைனில் ஆட்கள் எழுந்து நடப்பார்கள். பாதி உயிரோடு இருக்கும் லைன்தான் அவர்களை வீட்டுக்குள் உட்கார வைக்கும். இதற்காகவே நீல ஃபைலில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்: எந்த வீடுகளில் லைன் நின்றால் உயிருக்கு ஆபத்து. இப்போது பதினொரு வீடுகள். அங்கே மோடம் மாறினால், புதியதில் ஒரு மெசேஜ் போய்ப் பதில் வந்ததை நீங்களே பார்க்கும் வரை பழையதைக் கழற்றக் கூடாது.

மறுநாள் மனேஜர் வந்தார். நான் எழுதிய காரணத்தை இரண்டு முறை படித்தார். கெஸ்ட் ஹவுஸ்காரரின் கையெழுத்து அடுத்த வாரம் வந்தது. ஆனாலும் விதியை மீறியதற்கு எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் தயாரித்திருந்தார். அதை மாற்றி எழுதித் தரும்படி கேட்டேன். விதியை மீறியதற்கு வேண்டாம், பார்க்காமல் டிக் போட்டதற்குக் கொடுங்கள் என்றேன். என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டு, மாற்றிக் கொடுத்தார். அது என் ஃபைலில் இருக்கிறது. நியாயமான கடிதம்.

மழை விட்டு சில நாள் கழித்து சரோஜா அக்கா பண்டாரவளைக்கு வந்தார். நான் அவரை முதல் முறையாகப் பார்த்தேன். நான் நினைத்ததைவிட உயரம் குறைவு. பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"பதியலன்னு எல்லாரும் சொல்றாங்க. இந்தா பாருங்க மிஸ். சீல் வச்சுத்தான் குடுத்தாரு."

தோட்ட ஒபிசின் பெரிய கிளாக்கர் எழுதிய கடிதம். மோடத்தின் பன்னிரண்டு எழுத்தும் பிழையில்லாமல், மேலே உள்ள இலக்கமாகவே, இருந்தன. கீழே: 'மேற்படி இலக்கமுடைய மோடமானது இத்தோட்டத்தின் கீழ் டிவிசன், முதலாம் லயம், இரண்டாம் காம்பிராவில் வசித்து வருகிறது என்பதையும், இதற்கு எதிராக எவ்வித முறைப்பாடும் இல்லை என்பதையும் இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.'

ஆட்களுக்குக் கொடுக்கும் வதிவிடக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தார்.

"என்ன மிஸ், நல்ல மோடம்னுதானே எழுதியிருக்காரு. எங்க வீட்டுக்காரருக்குக் கூட இப்படி எழுதித் தர மாட்டாரு."

சிரிப்பு ஓய்ந்ததும்தான் எனக்கு உறைத்தது. நானும் லயத்தில் பிறந்தவள். தோட்டத்தில் ஒபிஸ் என்றால் ஒன்றே ஒன்றுதான். பதிவு என்றாலும் ஒன்றுதான்: நிரந்தரத் தொழிலாளியாகத் தோட்டத்துப் புத்தகத்தில் பெயர் ஏறுவது. பெயர் ஏறினால் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், காலையில் பெயர் கூப்பிடுவார்கள், காம்பிரா கிடைக்கும். என் அம்மாவுக்குப் பதிவு கிடைத்த அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்தார்கள். இந்த மேசைக்கு வந்தபின் அந்தப் பாயசத்தை மறந்திருந்தேன்.

"மூணு நாள் ஏன்க்கா அலைஞ்சீங்க? பதுளைக்குக் கூடப் போய்ட்டு வந்திருக்கலாமே. தோட்ட ஒபிசுல மோடத்தப் பதிய மாட்டாங்கன்னு உங்களுக்குத் தோணலியா?"

அவர் கடிதத்தை உறைக்குள் திரும்பப் போட்டார்.

"மொத நாள் கிளாக்கரும் அதத்தான் சொன்னாரு. நான்தான் விடல. எம்பேரு எந்தப் புத்தகத்துலயும் இல்ல மிஸ். கைக்காசு ஆளு நான், கூப்பிட்டா கொழுந்து பறிக்கப் போவேன், இல்லாட்டி இல்ல. காம்பிரா அவரு பேருல. உங்க லைனு கூட அவரு பேருலதான். நீங்க பதியணும்னு சொன்னதும், சரி, இதாவது பதிவா இருக்கட்டும்னு..." உறையின் வாயை மடித்தார். "பைத்தியக்காரி மாதிரி மூணு நாள் ஒபிஸ் வாசல்ல நின்னேன்."

நான் கணக்கைத் திறந்தேன். பெயர் என்ற இடத்தில் அவர் கணவரின் பெயர் இருந்தது. அண்ணனைப் போனில் கூப்பிட்டுச் சம்மதம் கேட்டேன்; "அது பேருலயே போடுங்க மிஸ், லைனும் அதுதானே பாத்துக்குது" என்றார். அடையாள அட்டையை வாங்கி, அக்காவின் முழுப் பெயரையும் அடித்து, அதற்குக் கீழே மோடத்தின் இலக்கத்தைச் சரிபார்த்தேன். படிவத்தில் கையெழுத்து வாங்கினேன். பிறகு திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

அவர் கிட்டக் குனிந்து, விரலைத் திரையில் படாமல் வைத்து, தன் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்தார்.

"பதிஞ்சாச்சா மிஸ்?"

"பதிஞ்சாச்சுக்கா" என்றேன். "நான் பார்த்தேன்."